லிபியர் என்னும் சொல்: இட்ட பெயரும் ஏற்ற பெயரும்

முன்னுரை

'லிபியர்' என்ற சொல்லுக்கு 'லிபியா நாட்டைச் சார்ந்தவர்' என்று பொருள் கூறி அமைவது அகராதி மரபு. நாளிதழ் படிப்பவர்க்கு இவ்விளக்கம் போதுமானது. ஆனால் ஹோமர், ஹெரோடோட்டஸ், வெர்ஜில் ஆகியோரின் நூல்களையோ, விவிலியத்தையோ, எகிப்தியக் கல்வெட்டுகளின் பெயர்ப்புகளையோ படிப்பவர்க்கு இது போதாது. பல இடங்களில் தவறான பொருளுக்கும் அழைத்துச் செல்லும். 'லிபியா' என்ற பெயரில் தன்னாட்சி பெற்ற நாடு 1951ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள்தான் தோன்றியது. சொல்லோ அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நாட்டினால் மக்கள் பெயர் பெற்றனர் என்று அகராதி கூற, வரலாறு அதற்கு மாறாக ஒரு குடியின் பெயரே நாட்டின் பெயராயிற்று என்று காட்டுகிறது.

பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும் தொல்காப்பியர், பெயரியலில் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறார். நிலத்தால் பெற்ற பெயர் வேறு, குடியால் பெற்ற பெயர் வேறு என்னும் இப்பாகுபாடு ஈண்டுப் பெரிதும் பயன்படுகிறது. 'லிபியர்' என்பது குடிப்பெயராகப் பிறந்து, நிலப்பெயராக விரிந்து, பின்னர் ஓர் அரசின் குடிமக்களைக் குறிக்கும் பெயராக நிலைபெற்ற சொல். இம்மாற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் அப்பெயரால் சுட்டப்பட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அண்டையில் இருந்தவர்களும் அவர்களை ஆண்டவர்களுமே ஆவர். ஆகவே இச்சொல்லின் பொருளை வேரில் தேடுவதைக் காட்டிலும், ஒவ்வொரு காலத்திலும் அதைச் சொன்னவர் யார், யாரைச் சொன்னார் என்பதில் தேடுவதே பொருத்தமுடையது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

ஒலி ஒப்புமையும் வேர்ச்சொல் ஆய்வும்

தமிழில் இச்சொல்லைக் கேட்பவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது 'லிபி' என்னும் எழுத்தைக் குறிக்கும் சொல். வட ஆப்பிரிக்காவின் பழைய எழுத்து முறையை ஆய்வாளர்கள் 'லிபிய எழுத்து' என்று வழங்குவதால், 'லிபிய லிபி' என்று எழுத நேரும்போது இம்மயக்கம் இன்னும் வலுப்பெறுகிறது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. 'லிபி' என்பது பழம்பாரசீகத்தின் 'திபி' என்ற சொல்லோடு உறவுடையது. அசோகரின் வடமேற்குக் கல்வெட்டுகளில் 'திபி' என்ற வடிவமே காணப்படுகிறது. அவ்வாறே வட இந்தியக் கடைகளில் காராமணிக்கு வழங்கும் 'லோபியா' என்ற பெயரும் லிபியாவிலிருந்து வந்ததன்று. அது அவரைக் காயின் நெற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து அரபு, பாரசீகம் வழியாக வந்து சேர்ந்தது. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கற்பிப்பது எத்தகைய இடர் உடையது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

இவ்விடருக்குப் பண்டையோரும் ஆட்பட்டனர். தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கிரேக்கர் 'லிப்ஸ்' என்று பெயரிட்டிருந்தனர். அக்காற்று வரும் திசையில் உள்ள நிலம் ஆதலால் அது லிபியா எனப்பட்டது என்று கி.பி. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர் எழுதினார். கிரேக்கப் புராண மரபோ வேறொரு காரணம் கூறியது. எபாஃபஸ் என்பவனுக்கு மகளாகப் பிறந்து, கடற்கடவுள் போசைடனுக்கு மக்களைப் பெற்ற லிபியா என்னும் பெண்ணின் பெயரே நிலத்துக்கு ஆயிற்று என்பது அம்மரபு. இவை எல்லாம் பெயர் முன்னரே வழங்கியபின் அதற்குக் காரணம் கற்பித்தவை. காரணம் அறியப்படாத பெயருக்குக் கதை பிறப்பது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பே. நம் ஊர்ப்பெயர்களுக்குத் தலபுராணங்கள் கூறும் விளக்கங்களும் இத்தகையவையே.

எகிப்தியச் சான்றுகள்

சொல்லின் மிகப் பழைய வடிவம் கிரேக்கத்தில் இல்லை, எகிப்தில் இருக்கிறது. நைல் ஆற்றுக்கு மேற்கில் வாழ்ந்தவர்களை எகிப்தியர் தொடக்கத்தில் தெகெனு, தெமெகு ஆகிய பெயர்களால் அழைத்தனர். கி.மு. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராம்செஸ் காலத்தில், 'லிபு' என்ற புதிய பெயர் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. எகிப்திய எழுத்தில் அது 'ர-ப-உ' என்ற ஒலிக்குறிகளால் எழுதப்பட்டது. லகரத்துக்கெனத் தனிக்குறி அவர்களிடம் நிலைபெறாமையால், அயல்மொழிப் பெயர்களின் லகரத்தை ரகரக் குறியால் எழுதினர். கிரேக்க, எபிரேய வடிவங்களோடு ஒப்பிட்டே அதை 'லிபு' என்று படிக்கிறோம். எகிப்திய எழுத்தர் பதிவு செய்தது அயலாருடைய பெயரின் ஒலியை மட்டுமே. அம்மக்களின் மொழியில் அதற்கு இருந்த பொருளை அவர் பதிவு செய்யவில்லை. எனவே வேர்ச்சொல் ஆய்வு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது.

மெர்நெப்தா அரசனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1208இல், லிபுக்களின் தலைவனான மெரியே என்பவன் கடல்வழி வந்த மக்களையும் சேர்த்துக்கொண்டு எகிப்தின்மேல் படையெடுத்துத் தோற்றான். கர்னாக் கோயில் கல்வெட்டு இப்போரை விரிவாகக் கூறுகிறது. இவ்வெற்றியைப் பாடும் மற்றொரு கல்வெட்டை 1896இல் ஃபிலிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். இஸ்ரேல் என்ற பெயர் அதில் ஒருமுறை வருவதால் உலகம் அதனை 'இஸ்ரேல் கல்வெட்டு' என்று அறியும். ஆயின் அதன் பெரும்பகுதி மேற்கத்திய மக்களின் தோல்வியைப் பற்றியதே. கல்லின் பெரும்பகுதி எவரைப் பேசுகிறதோ அவர்களின் பெயர் கல்லுக்குக் கிடைக்கவில்லை. பெயரிடும் உரிமை பின்னாளில் படிப்பவரிடம் சென்றுவிடுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாம் இராம்செஸின் மெதினெத் ஹபு கோயில் சுவர்களில் லிபுவும் மெஷ்வெஷ் என்ற மற்றொரு குடியும் வெவ்வேறாகவே கூறப்படுகின்றன. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அரியணை ஏறி 22ஆம் மரபைத் தோற்றுவித்த முதலாம் ஷோஷெங்க், மெஷ்வெஷ் குடித்தலைவர்களின் வழியில் வந்தவன். எனினும் இக்கால வரலாற்று நூல்கள் அம்மரபை 'லிபிய மரபு' என்றே வழங்குகின்றன. ஷோஷெங்கின் காலத்தவர் இத்தொடரைக் கேட்டிருந்தால் அதை ஏற்றிருக்கமாட்டார்கள். ஒரு குடியின் பெயர் அதன் அண்டைக் குடியின்மேலும் ஏற்றப்படும் போக்கு, அறிவியல் நோக்குடைய வரலாற்றெழுத்திலும் தொடர்கிறது.

விவிலியத்தில் இரு வழிகள்

எபிரேய மொழியில் இப்பெயர் 'லூபிம்' என்று வழங்கியது. எருசலேமின்மேல் படையெடுத்த எகிப்திய அரசன் சீஷாக்கின் படையில் இம்மக்கள் இருந்தனர் என்று நாளாகமம் இரண்டாம் நூல் கூறுகிறது. சீஷாக் என்பவன் மேற்கூறிய ஷோஷெங்கே என்பது அறிஞர் பலரின் கருத்து. புதிய ஏற்பாடோ கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதன் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் சிரேனே நகரைச் சூழ்ந்த நிலம் கிரேக்க வடிவத்தில் குறிக்கப்படுகிறது.

தமிழில் இவ்விரு வழிகளும் வந்து சேர்ந்துள்ளன. பழைய தமிழ் விவிலியத்தில் நாளாகமம் 'லூபியர்' என்றும், அப்போஸ்தலர் நடபடிகள் 'லீபியா' என்றும் எழுதுகின்றன. ஒரே நூற்றொகுதியில், ஒரே பெயர், எபிரேய வழியில் ஓர் உருவமும் கிரேக்க வழியில் மற்றோர் உருவமும் பெற்றுள்ளது. இன்றைய நாளிதழின் 'லிபியா'வையும் சேர்த்தால் தமிழில் மூன்று உருவங்கள் ஆகின்றன. இவை மூன்றும் ஒரே சொல் என்பதைச் சுட்டும் குறிப்பு இல்லாவிடின், படிப்பவர் இவற்றை மூன்று வேறு மக்களாகக் கொள்ள இடமுண்டு. மொழிமுதலில் லகரம் வாராது என்னும் தொல்காப்பிய விதியைப் போற்றுவோர் 'இலிபியா' என்று எழுதுவர். லகரக் குறி இல்லாத எகிப்தியர் ரகரத்தால் எழுதியதும், லகரத்தை முதலில் ஏற்காத தமிழ் இகரத்தை முன்னிட்டு எழுதுவதும் ஒரே வகையான மொழிச் செயல்களே.

கிரேக்கர்: குடிப்பெயர் கண்டத்தின் பெயராதல்

ஒடிசியின் நான்காம் காண்டத்தில் மெனலாஸ் தான் சென்று வந்த நாடுகளைக் கூறும்போது லிபியாவையும் கூறுகிறான். அங்கு ஆட்டுக்குட்டிகள் கொம்போடு வளரும், அரசனுக்கும் இடையனுக்கும் பாலுக்குக் குறைவில்லை என்பது அவன் கூற்று. கிரேக்கக் கவிதையில் லிபியா முதலில் ஒரு வளத்தின் பெயராகவே நுழைகிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அக்கரையில் சிரேனே நகரைக் குடியேற்றமாக அமைத்தனர். அந்நகரத்து வீரன் டெலிசிக்ரட்டீஸின் வெற்றியைப் பாடும் பிண்டாரின் ஒன்பதாம் பித்திய ஓடையில் லிபியா ஒரு தலைவியாக உருப்பெற்று, கிரேக்க நங்கை சிரேனேயைத் தன் இல்லத்தில் வரவேற்கிறாள். குடியேற்றம் விருந்தோம்பலாக மாற்றி உரைக்கப்படுகிறது. கவிதையின் அழகு குறைவற்றது. எனினும் வரவேற்கும் அத்தலைவிக்குப் பெயரும் உருவும் தந்தவர்கள் குடியேறியவர்கள் என்பதைத் திறனாய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டும்.

ஹெரோடோட்டஸ் காலத்தில் லிபியா என்பது எகிப்துக்கு மேற்கிலுள்ள நிலம் முழுவதற்கும், அதாவது அறியப்பட்ட ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே, பெயராகிவிட்டது. நிலம் ஒன்றாயிருக்க அதற்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா என மூன்று பெயர்கள், அவையும் பெண்களின் பெயர்கள், ஏன் வந்தன என்று அவர் நான்காம் நூலில் வியக்கிறார். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஐயுற்ற மிகப் பழைய கூற்றுகளுள் இதுவும் ஒன்று. அதே நூலின் பிற்பகுதியில் அதிர்மாகிதே, நசமோனெஸ், கரமந்தெஸ் எனக் குடிகளை வரிசைப்படுத்தி, அவர்களின் உடை, மணமுறை, உணவு, அடக்கமுறை ஆகியவற்றைத் தனித்தனியே விளக்குகிறார். இவர்கள் அனைவர்க்கும் அவர் இடும் பொதுப்பெயர் லிபியர். வேறுபாடுகளைப் பொறுமையோடு எழுதிய அவரே அவற்றை மூடும் ஒரு பெயரையும் தருகிறார்.

இவ்விரிவு தமிழர்க்குப் புதிதன்று. அயோனியர் என்ற ஒரு பிரிவினரின் பெயர் கீழை நாடுகளில் கிரேக்கர் அனைவர்க்கும் ஆகி, 'யவனர்' என்னும் வடிவில் சங்க நூல்களில் மேற்கிலிருந்து வந்தவர் எவர்க்கும் பொதுவாயிற்று. முதலில் எதிர்ப்பட்டவரின் பெயரே பின்னால் நின்றவர் அனைவர்க்கும் ஆதல் பெயர்வரலாற்றில் பொதுவான நெறி.

'நாங்கள் லிபியர்' என்று கூறியோர்

இதுவரை கண்டவை பிறர் இட்ட பெயர்கள். தாமே இப்பெயரை உரிமை கோரியோர் பற்றிய இரு செய்திகள் பண்டைச் சான்றுகளில் உள்ளன. இக்கட்டுரையின் நோக்கில் இவையே முதன்மையானவை.

முதற்செய்தியை ஹெரோடோட்டஸ் தம் இரண்டாம் நூலில் கூறுகிறார். எகிப்தின் மேற்கு எல்லையில் மாரியா, ஆப்பிஸ் என்னும் ஊர்களில் வாழ்ந்தவர்கள் தங்களை எகிப்தியர் என்று கருதவில்லை. லிபியர் என்றே கருதினர். பசுவின் ஊனை உண்ணக் கூடாது என்ற எகிப்தியச் சமய விலக்கு அவர்களுக்கு ஒவ்வாததாயிருந்தது. தாங்கள் ஆற்றின் கழிமுகத்துக்கு வெளியே வாழ்பவர்கள், எகிப்தியரோடு பொதுவானது எதுவும் தங்களிடம் இல்லை என்று கூறி, அம்மோன் கடவுளின் திருவாக்கை வேண்டினர். கடவுள் மறுத்தார். நைல் பெருகிப் பாயும் நிலமெல்லாம் எகிப்து, எலிஃபன்டைன் நகருக்குக் கீழே அவ்வாற்று நீரைக் குடிப்போர் எல்லாரும் எகிப்தியர் என்பது திருவாக்கு.

எகிப்தின் எல்லை எது என்பதற்குச் சான்றாகவே ஹெரோடோட்டஸ் இந்நிகழ்ச்சியைக் கூறுகிறார். ஆயினும் இதில் வேறொரு பொருளும் உண்டு. மாரியா, ஆப்பிஸ் மக்கள் பெயரை உணவாலும் வழக்கத்தாலும் தம் எண்ணத்தாலும் தீர்மானித்தனர். திருவாக்கோ அதை ஆற்று நீரால் தீர்மானித்தது. ஓர் இனப்பெயர் அகத்தே உணரப்படுவதா, புறத்தே அளந்து தரப்படுவதா என்னும் வினா இங்குத் தெளிவாக எழுகிறது. பெயர் மறுக்கப்பட்டதற்குப் பின்னால் சமய விதியும் வரி எல்லையும் நிற்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று.

இரண்டாம் செய்தி கார்த்தேஜைச் சார்ந்தது. உரோமோடு நிகழ்ந்த முதற்பெரும்போரின்போது கார்த்தேஜ் தன் ஆட்சிக்கு உட்பட்ட லிபிய உழவர்களிடம் விளைச்சலில் பாதியை வரியாகப் பெற்றது என்று பொலிபியஸ் எழுதுகிறார். போர் முடிந்து கி.மு. 241இல் ஊதியம் பெறாத கூலிப்படையினர் கலகம் செய்தபோது லிபியர் அவர்களோடு சேர்ந்தனர். வரி கட்ட இயலாத கணவரும் தந்தையரும் பிடித்துச் செல்லப்பட்டதைக் கண்ட பெண்கள், தங்கள் அணிகலன்களைக் கழற்றிப் போருக்குப் பொருளாகக் கொடுத்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. மூன்றாண்டுகளுக்கு மேல் நீடித்த அப்போரில் கலகக்காரர் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் பல கார்த்தேஜின் நாணயங்களின்மேலேயே மறு அச்சிடப்பட்டவை. அவற்றில் பொறிக்கப்பட்ட சொல் 'லிபியருடையது' என்று பொருள்படுவது.

இந்நாணயங்கள் சொற்பொருள் ஆய்வுக்கு அரிய சான்றாகும். ஆண்டவரின் காசின்மேல் ஆளப்பட்டவரின் பெயர் அழுத்தப்பட்டிருக்கிறது. ஆயின் பொறித்த எழுத்து கிரேக்க எழுத்து. வடிவமும் கிரேக்கச் சொல்வடிவமே. பிறர் இட்ட பெயரை, பிறரது எழுத்திலேயே, தம்முடையதாக அறிவித்திருக்கின்றனர். போர் நிகழ்ந்த இடமோ பெரும்பாலும் இன்றைய துனிசியா. இன்றைய லிபியா அன்று. தற்கால நாட்டெல்லையைக் கொண்டு பொருள் கூறும் அகராதி விளக்கம் இங்கு முற்றிலும் பயனற்றுப் போகிறது.

சுருங்கிய பெயர்

கார்த்தேஜை கி.மு. 146இல் அழித்த உரோமர், அந்நிலத்தை 'ஆப்பிரிக்கா' என்ற மாகாணமாக்கினர். அஃப்ரி என்ற உள்நாட்டு மக்களின் பெயரிலிருந்து வந்தது அச்சொல். காலப்போக்கில் அது லிபியாவைத் தள்ளிக் கண்டத்தின் பெயராயிற்று. ஒரு குடிப்பெயரை இன்னொரு குடிப்பெயர் இடம்பெயர்த்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, ஆப்பிரிக்காவைக் கிரேக்கர் லிபியா என்பர் என்று விளக்கம் எழுதவேண்டியதாயிற்று. டயோக்ளீஷியன் காலத்து நிர்வாகச் சீர்திருத்தத்தில் மேல் லிபியா, கீழ் லிபியா எனச் சிரேனேயைச் சூழ்ந்த பகுதியும் அதன் கிழக்குப் பகுதியும் பெயர் பெற்றன. கண்டமாயிருந்த பெயர் இரு மாகாணங்களாகக் குறுகியது.

அரபியர் ஆட்சிக்குப் பின் மக்கள் வழக்கில் நின்ற பெயர்கள் கிழக்கே பர்க்கா, மேற்கே தராபுலுஸ், தெற்கே ஃபெஸ்ஸான் ஆகியவையே. 1551இல் திரிப்பொலியைக் கைப்பற்றிய ஒட்டோமானியரும் தராபுலுஸ் என்ற பெயரிலேயே ஆண்டனர். இந்நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்த ஒருவரிடம் 'நீர் லிபியரா' என்று வினவியிருந்தால், தம் குடியையோ ஊரையோ கூறித்தான் விடை தந்திருப்பார் எனலாம்.

குடியேற்ற ஆட்சியும் பழம்பெயரும்

மக்கள் வழக்கில் மறைந்த பெயரை நூல்வழக்கிலிருந்து மீட்டவர்கள் இத்தாலியர். ஃபெதெரிக்கோ மினுத்தில்லி என்ற புவியியலார் 1903இல் வெளியிட்ட நூற்பட்டியலுக்கு 'லிபியாவின் நூற்பட்டியல்' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். 1911 செப்டம்பரில் இத்தாலி ஒட்டோமானியர்மேல் போர் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் கவிஞர் ஜியோவான்னி பாஸ்கோலி ஆற்றிய உரை, உரோமர் முன்பு அங்கிருந்ததைக் காட்டிப் படையெடுப்பை நியாயப்படுத்தியது. 'தராபுலுஸ்' என்றால் அது அரபு, ஒட்டோமானியத் தொடர்பை நினைவூட்டும். 'லிபியா' என்றாலோ இலத்தீன் நூல்களை நினைவூட்டும். பெயர் மாறியதும் படையெடுப்பு தாயகம் திரும்புவதாகத் தோன்றலாயிற்று. பழந்தமிழ்ப் பெயர்களை மீட்பதில் ஈடுபாடு கொண்ட நமக்கு இது ஓர் எச்சரிக்கை. பழம்பெயரை மீட்பதெல்லாம் விடுதலைச் செயல் ஆகிவிடாது. மீட்பவர் யார் என்பதையும் நோக்கவேண்டும்.

எதிர்த்துப் போரிட்டவர்கள் இப்பெயரை உடனே ஏற்றதாகத் தெரியவில்லை. 1918இல் மசல்லாத்தாவில் அவர்கள் அறிவித்த குடியரசின் பெயர் தராபுலுஸ் குடியரசு. கிழக்கில் இருபதாண்டுகள் நிகழ்ந்த எதிர்ப்பு, 1931 செப்டம்பர் 16ஆம் நாள் உமர் அல்-முக்தார் தூக்கிலிடப்பட்டதோடு ஒடுங்கியது. பர்க்கா மக்களில் பெரும்பகுதியினர் முகாம்களில் அடைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் இறந்தனர். அதன்பின் 1934இல் இருபகுதிகளும் இணைக்கப்பட்டு 'லிபியா' என்பது ஒரே குடியேற்ற நாட்டின் அலுவல்முறைப் பெயராயிற்று. எல்லாரையும் ஒரு பெயரின்கீழ்க் கொணர்ந்தது அவர்களை ஒடுக்கிய ஆட்சியே என்பது இச்சொல்லின் வரலாற்றில் மிகக் கசப்பான பகுதி.

ஏற்ற பெயரும் அடைமொழியும்

1949 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மூன்று பகுதிகளும் சேர்ந்து லிபியா என்னும் விடுதலை நாடாதல் வேண்டும் என்று தீர்மானித்தது. 1951 அக்டோபரில் நிறைவேறிய அரசமைப்பு, லிபியர் யார் என்பதைச் சட்டமொழியில் வரையறுத்தது. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாமல் அந்நாட்டில் வாழ்பவர் அங்குப் பிறந்தவராகவோ, பெற்றோரில் ஒருவர் அங்குப் பிறந்தவராகவோ, பத்தாண்டுகளுக்குக் குறையாமல் அங்கு வாழ்ந்தவராகவோ இருப்பின் லிபியராகக் கருதப்படுவார் என்பது அவ்வரையறை. குருதியோ மொழியோ சமயமோ இதில் இல்லை. பகைவர் இட்ட பெயரை ஏற்று, அதற்கு விரிந்த பொருளைத் தந்தனர். கார்த்தேஜின் காசின்மேல் மறு அச்சிட்ட செயலை இது நினைவூட்டுகிறது.

1969 செப்டம்பரில் அரசரை நீக்கி ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் நாட்டுக்கு 'லிபிய அரபுக் குடியரசு' என்று பெயரிட்டனர். லிபிய மக்கள் அரபு இனத்தின் ஒரு பகுதி என்று அவ்வாண்டின் அரசமைப்பு அறிவிப்பு கூறியது. 1977இல் பெயர் மேலும் நீண்டபோதும் 'அரபு' என்ற அடைமொழி நீங்கவில்லை. அமாசிக், துவாரக், தெபு மக்கள் இவ்வடைமொழிக்கு வெளியே நின்றனர். அமாசிக் மொழியில் பிள்ளைகளுக்குப் பெயரிடுவதும் மறுக்கப்பட்டது. மொழியியலார் 'லிபிய மொழி' என்று வழங்கும் பண்டை மொழி, அமாசிக் மொழிகளுக்கு உறவானது. துவாரக் மக்கள் இன்றும் எழுதும் திஃபினாக் எழுத்து, பண்டை லிபிய எழுத்தின் வழிவந்தது. சொல்லின் பழமைக்கு மிக நெருங்கியவர்களே சொல்லின் புதுப்பொருளிலிருந்து விலக்கப்பட்டனர். 2011 ஆகஸ்டில் வெளியான அரசமைப்பு அறிவிப்பு, அரபை ஆட்சிமொழியாக நிறுத்தி, இம்மூன்று மக்களின் மொழி, பண்பாட்டு உரிமைகளையும் பெயர் சுட்டிக் கூறியது. 2013இலிருந்து 'லிபிய அரசு' என்று வழங்கும் நாட்டின் பெயரில் அடைமொழி இல்லை.

1948இல் பிறந்த நாவலாசிரியர் இப்ராகிம் அல்-கோனி இச்சிக்கலின் இலக்கிய முகம். அவர் துவாரக் மரபினர். சிறுவயது கடந்தபின் கற்ற அரபில் எழுதுபவர். திறனாய்வாளர்கள் அவரை 'லிபிய நாவலாசிரியர்' என்பர். 'கல்லின் குருதி' என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய 1990ஆம் ஆண்டு நாவலில், தெற்குப் பாலைநிலத்தின் பாறை ஓவியங்களுக்கு நடுவே அசூஃப் என்பவன் தனியே வாழ்கிறான். அவனது உறவு நாட்டோடு அன்று. காட்டாட்டோடும் பாறையோடும் முன்னோர் ஓவியத்தோடும் ஆகும். இத்தாலியர் படைக்கு ஆள்பிடிக்கும்போதுதான் நாடு என்பது அவனைத் தீண்டுகிறது. இந்நாவலை 'லிபிய நாவல்' என்று மட்டும் கூறினால் கதையின் உள்ளீட்டையே இழந்துவிடுவோம். அப்பெயரை முற்றும் நீக்கினாலும் பிழையே. ஏனெனில் பாலைநிலத்தைக் கூறாத லிபியா முழுமையற்றது என்பதே அந்நாவல் தரும் திருத்தம்.

தமிழில் பெயர்க்கும் முறை

இவ்வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குச் சில பொறுப்புகளைத் தருகிறது. வெர்ஜிலின் ஈனியதில் புயலால் அலைப்புண்ட டிராய் வீரர் சேரும் 'லிபியக் கரை', தைதோவின் கார்த்தேஜ், இன்றைய துனிசியா. சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டிய 'லிபிய நிமித்தகி', அம்மோன் திருவாக்கோடு தொடர்புடையவள். அத்திருவாக்கு இருந்த சீவா பாலைப்பொழில் இன்றைய எகிப்தில் உள்ளது. 'லிபியப் பாலைவனம்' என்பதன் பெரும்பகுதியும் எகிப்துக்கு உட்பட்டதே. இவ்விடங்களில் குறிப்பின்றி 'லிபிய' என்று எழுதினால், படிப்பவர் தற்கால நாட்டையே எண்ணுவர்.

ஆகவே மூன்று பொருள்களை மூன்று தொடர்களால் வேறுபடுத்தலாம். எகிப்தியச் சான்றுகளில் வரும் குடியை 'லிபு குடியினர்' என்றும், கிரேக்க, இலத்தீன் நூல்களின் விரிந்த பொருளைப் 'பண்டை லிபியர்' என்றும், 1951க்குப் பிற்பட்ட குடிமக்களை 'லிபிய நாட்டவர்' என்றும் வழங்குதல் தகும். நாளிதழ்களில் பெருகிவரும் 'லிபியன் அரசு', 'லிபியன் படை' போன்ற வழக்குகள் தவிர்க்கத்தக்கவை. ஆங்கிலப் பெயரடையின் ஈற்றிலுள்ள ஒலி, தமிழில் ஆண்பால் ஒருமை விகுதியாகவே கேட்கும். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும் அடை, தமிழ்ச் செவிக்கு ஒற்றை ஆடவனாகிவிடுகிறது. 'லிபிய அரசு', 'லிபியப் படை' என்பவையே தமிழ் இயல்பு.

முடிவுரை

'லிபு' என்ற ஒலியின் உட்பொருள் அம்மக்களோடு மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பயன்பாட்டின் வரலாறு. எகிப்தியர்க்கு அது எல்லைக்கு அப்பாலுள்ள பகைவன் பெயர்; கிரேக்கர்க்கு ஒரு கண்டம்; உரோமர்க்கு ஒரு நிர்வாகப் பிரிவு; இத்தாலியர்க்கு உரிமை கோரும் சான்று. மாரியா, ஆப்பிஸ் ஊரார் அதைக் கேட்டுப் பெறவில்லை. நாணயத்தில் பொறித்தவர்கள் சில ஆண்டுகள் அதைக் கைக்கொண்டு போரில் தோற்றனர். 1951இல் சட்டத்தில் எழுதியவர்கள் அதை நிலைநிறுத்தினர்; பின்வந்த அடைமொழி அதைக் குறுக்கியது. இக்காலங்கள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கும் அகராதி விளக்கம் கடைசி ஆண்டுகளின் பொருளை மட்டும் தருகிறது. இனப்பெயர்களுக்குப் பொருள் எழுதும்போது, அப்பெயரை இட்டவர் யார், ஏற்றவர் யார், எக்காலத்தில் என்னும் மூன்று குறிப்புகளையாவது சேர்த்து எழுதும் வழக்கம் தமிழ் அகராதியியலில் ஏற்படுதல் வேண்டும். லிபியர் என்ற சொல் அதற்குத் தக்க தொடக்கமாக அமையும்.